உடம்பில் அணு மருந்தோடு தாரை வார்த்தேன்

நான் வாழ்க்கையில் ஒரு சொட்டு சாராயம் தொட்டதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலேசியாவில், எங்கள் கிள்ளானில், பழைய ஆட்கள் சிலர் இன்னமும் நம்ப மாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும்.

என் அப்பா தோட்டத்தில் கள்ளுக் குடித்தே போய்ச் சேர்ந்தவர். நான் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு வெளியே வந்தவன். துறைமுகத்தில் லோரிக்கு மூட்டை ஏற்றினேன், பிறகு லோரி ஓட்டினேன், பிறகு லோரி வாங்கினேன். எத்தனை லோரி என்று சொன்னால் பெருமை அடிக்கிறான் என்பார்கள். அந்தக் காலத்தில் சுங்கை வே தொழிற்சாலை வாசல்களில் நின்ற லோரிகளில் என் பெயர் எழுதாத லோரியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன். கையெழுத்துப் போடத்தான் தெரியும், ஆனால் என் கையெழுத்துக்காகப் பட்டதாரிகள் வெளியே காத்திருந்தார்கள்.

அப்படிப்பட்ட என்னைப் பார்த்து ஊர் சிரிக்கும்படி ஒரு நோய் வந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இருக்கும். சும்மா உட்கார்ந்திருப்பேன். திடீரென்று நெஞ்சிலிருந்து ஒரு சூடு கிளம்பி கழுத்து, காது, நெற்றி என்று ஏறும். முகம் முழுக்கச் சிவந்துவிடும். என் நிறத்துக்கே சிவப்பு தெரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணும் கலங்கிவிடும். கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். அடுத்து வயிறு ஓட ஆரம்பிக்கும்.

கோயில் கமிட்டிக் கூட்டத்தில் ஒருநாள் அப்படி ஏறியது. நான் தலைவர் நாற்காலியில் இருக்கிறேன். பொருளாளர் என் காதருகே குனிந்தார்.

"என்னா தலைவரே, காலையிலேயே ஏத்திட்டீங்களா?"

"வாயைக் கழுவுய்யா. நான் தொடாத ஆளு."

"தொடாம எப்படிலா இப்படிச் செவக்கும்? நம்மகிட்ட என்ன மறைப்பு, எல்லாரும் போடுறதுதான்."

அன்றைக்கு அவர் பல்லைத் தட்டியிருப்பேன். கோயில் என்பதால் விட்டேன்.

இதைவிட மோசம் என் மகளைப் பெண் பார்க்க வந்த நாள். மகள் பல்கலைக்கழகம் முடித்து வங்கியில் வேலை பார்த்தாள். கூடப் படித்த பையனைத் தானே தேர்ந்தெடுத்துக்கொண்டாள். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருக்கிற யாழ்ப்பாணக் குடும்பம். பையனுடைய அப்பா ரயில்வே அலுவலகத்தில் பெரிய கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களைப் போல் தோட்டத்து வம்சத்தில் பெண் எடுப்பது அவர்களுக்கு அவ்வளவு இனிப்பான விஷயம் இல்லை. பையன் பிடிவாதம், அதனால் வந்தார்கள். காப்பி வந்த நேரம் பார்த்து எனக்குச் சூடு ஏறியது. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். பேசாமல் பார்க்கிறவனுக்கு என்ன பதில் சொல்வது?

அவர்கள் போன பிறகு என் மனைவிதான் முடிவெடுத்தாள். "நாளைக்குப் பெரிய டாக்டருகிட்ட போறோம். நீங்க வரலன்னா நான் மட்டும் போய் உங்க மூஞ்சி எப்படி இருக்கும்னு சொல்லிட்டு வரேன்."

எத்தனையோ டாக்டர்கள் அலர்ஜி என்றார்கள், பிரஷர் என்றார்கள், டென்ஷன் என்றார்கள். கோலாலம்பூரில் ஒரு சீன டாக்டரம்மாதான் என் முகம் சிவப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு, ஒரு பெரிய பிளாஸ்டிக் குப்பியைக் கொடுத்து, ஒரு நாள் முழுக்கப் போகிற சிறுநீரை அதில் பிடித்துவரச் சொன்னார். மெர்சிடிஸ் காரின் முன் இருக்கையில் அந்தக் குப்பியை வைத்து, பெல்ட் போட்டு, கூட்டரசு நெடுஞ்சாலையில் நானே ஓட்டிக்கொண்டு போனேன்.

சிறுகுடலில் ஒரு கட்டி. அது ஏதோ ஒரு சாற்றைச் சுரந்து ரத்தத்தில் விடுகிறது. முகச் சிவப்பும் வயிற்றுப்போக்கும் அதனால்தான். கட்டியின் குஞ்சுகள் ஈரலுக்கும் போய்விட்டன, எல்லாவற்றையும் கத்தி வைத்து எடுக்க முடியாது. டாக்டரம்மா மலாயும் ஆங்கிலமும் கலந்து இதைச் சொல்லிமுடித்தபோது நான் மனைவியைத் திரும்பிப் பார்த்துச் சொன்னேன்: "பாத்தியா, சாராயம் இல்ல."

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

நானும் உள்ளுக்குள் ஆடித்தான் போனேன். ஆனால் சம்பந்தி முகத்தில் விழிக்க ஒரு வழி கிடைத்தது என்ற எண்ணமும் கூடவே வந்தது. மனுஷ மனம் அப்படித்தான்.

மாத்திரை, ஊசி என்று கொஞ்ச காலம் ஓடியது. நிச்சயதார்த்தமும் ஆனது. இங்கே வழக்கப்படி பிள்ளைகள் இரண்டு பேரும் முதலில் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு வந்தார்கள். கோயில் கல்யாணத்துக்கு முகூர்த்தம் குறித்தாகிவிட்டது. சம்பந்தி நாள், நட்சத்திரம் எல்லாம் பார்த்துப் பார்த்துக் குறித்த நாள். அதை அசைக்க யாராலும் முடியாது.

அந்தச் சமயத்தில் டாக்டரம்மா புது மருந்தைப் பற்றிச் சொன்னார். கதிர் வீசுகிற அயோடினை ஒரு மருந்தோடு இணைத்து, நரம்பு வழியாக உள்ளே விடுவார்கள். என் கட்டிக்கு அந்த மருந்தென்றால் பிரியம், தேடி இழுத்துக்கொள்ளும். இழுத்துக்கொண்டதும் கதிர் உள்ளேயே இருந்து அதைச் சுடும். முதலில் அதே மருந்தைத் துளி அளவு கொடுத்துப் படம் எடுத்துப் பார்த்தார்கள். கட்டி இருக்கிற இடமெல்லாம் படத்தில் கறுப்பாகத் தெரிந்தது. எனக்கு உடனே புரிந்துவிட்டது. "சரியான விலாசத்துக்குச் சரக்கு இறக்குற லோரி மாதிரி," என்றேன். டாக்டரம்மா சிரித்துவிட்டு, இனி மற்ற நோயாளிகளுக்கும் இதையே சொல்லப்போவதாகச் சொன்னார். பதினைந்து வருஷம் படித்தவர் என்னிடமிருந்து ஒரு உவமை எடுத்துக்கொண்டார், அதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

"எல்லாத்தையும் கொன்னுடுமா?"

"எல்லாத்தையும் இல்ல அங்கிள். அடக்கி வைக்கும். அங்கிளுக்கு இன்னும் சில வருஷம் கிடைக்கும்."

மருந்து வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வர வேண்டும். வருகிற தேதியைப் பார்த்தால் கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்னால். கல்யாணம் முடிந்து போட்டுக்கொள்கிறேன், அதுவரை ஐஸ்பெட்டியில் வையுங்கள் என்றேன். என் வாழ்க்கையில் ஒரு போன் போட்டு நான் தள்ளிவைக்காத தேதி கிடையாது. துறைமுகத்தில் கப்பலையே நிற்கவைத்திருக்கிறேன்.

"இது மீன் இல்ல அங்கிள்," என்றார் டாக்டரம்மா. "ஐஸ்ல வெச்சாலும் வெயில்ல வெச்சாலும் எட்டு நாள்ல பாதி ஆயிடும். விட்டா அடுத்தது எப்ப வரும்னு தெரியாது. உங்க ஈரல் அதுவரைக்கும் சும்மா இருக்காது."

சரி என்று சொல்லிவிட்டேன். கல்யாணத்துக்குள் வெளியே வந்துவிடுவேன் என்ற தைரியம்.

அந்த வாரமே பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். எனக்குப் பழக்கமான கடை. மதிய நேரம், நிறைந்த கூட்டம். சாப்பிடும்போது முகம் ஏறியது. பக்கத்து மேசையில் யாரோ கண்ணைக் காட்டினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. கை கழுவிவிட்டு வந்து நின்று, கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். இது தண்ணி இல்லை, வியாதி. சும்மா வியாதி இல்லை, ஆயிரத்தில் ஒருவனுக்குக் கூட வராத வியாதி. இதற்கு அணு மருந்து, ஈயப் பெட்டிக்குள் வைத்து, எனக்கென்றே விமானத்தில் வருகிறது. என்னைத் தனி அறையில் அடைத்துவைத்து, டாக்டரே தூர நின்றுதான் பேசுவார். போட்டபின் என் உடம்பிலிருந்தே கதிர் வீசும்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை இலையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். கடைக்காரர் மட்டும், "அண்ணே, அப்ப நீங்க பல்பு மாதிரி எரிவீங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என்னைக் குடிகாரன் என்று அதற்குப் பிறகு பிரிக்பீல்ட்ஸில் யாரும் சொன்னதில்லை. அதற்காகவே சொன்னேன், இன்றைக்குக் கேட்டாலும் சொல்லுவேன்.

ஆனால் அந்தக் கடைக்கும் சம்பந்தி வீட்டுக்கும் நடுவே ஒரு தெருதான்.

சம்பந்தியும் அவர் மனைவியும் மறுநாளே கிள்ளானுக்கு வந்தார்கள். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்கள். மருந்து இன்னும் விமானமே ஏறவில்லை, அதற்குள் என்னிடமிருந்து தள்ளி உட்கார்ந்தார்கள்.

"நீங்கள் கோவிக்கக் கூடாது," என்று தொடங்கினார். "என்ர மூத்த மகள் வயித்தில பிள்ளையோட இருக்கிறா. தலைப்பிள்ளை. கலியாண வீட்டில நீங்கள் நடந்து திரிவியள், எல்லாரையும் தொடுவியள். உந்தக் கதிர் எண்டா சும்மா சாமானே?"

"அதுக்குள்ள அடங்கிடும்னு டாக்டர் சொல்லிருக்காங்க."

"முழுக்க அடங்குமோ?"

நான் பொய் சொல்கிற ஆள் இல்லை. "முழுக்க இல்ல. கொஞ்சம் இருக்கும்."

அவர் மனைவி மடியில் இருந்த கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். சம்பந்தி தொண்டையைச் செருமினார். "தாரை வார்க்கிறதுக்கு உங்கட தம்பியை வைச்சுச் செய்வம். நீங்கள் வீட்டில ஓய்வா இருங்கோ. உங்களைக் குறையாச் சொல்லேல்லை."

என் தம்பி அப்போது வாசலில் லோரி டிரைவரோடு பேசிக்கொண்டு நின்றான். நல்லவன். ஆனால் எங்கள் அப்பாவின் தாகம் முழுக்க அவனுக்குத்தான் வந்திருந்தது. குடிக்கிறவன் கை தாரை வார்க்கலாம், குடிக்காத என் கை ஆகாதா? எனக்குத் தலை கொதித்தது. எழுந்து நின்றேன். என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. உள்ளே இருந்து மகள் வந்தாள்.

"மாமா, ரெஜிஸ்டர் ஆயிடுச்சு. சட்டப்படி நான் உங்க வீட்டு மருமக," என்றாள். "கோயில் கல்யாணம் எங்க அப்பாவுக்காகத்தான். அவர் கை வெக்கலன்னா நான் மணவறையில உக்கார மாட்டேன்."

"மரியாதையாப் பேசும்மா," என்றாள் என் மனைவி.

"மரியாதையாதாம்மா பேசுறேன்."

அவர்கள் காப்பியைத் தொடாமல் எழுந்து போனார்கள். மருந்து போடப் போகிற வரைக்கும் கல்யாணம் நடக்குமா, நடந்தால் நான் இருப்பேனா என்பது யாருக்கும் தெரியாது.

மருத்துவமனை அறையைப் பற்றிச் சொல்கிறேன். தடித்த சுவர், கனமான கதவு. கட்டிலைச் சுற்றி ஈயத் தடுப்பு. தொலைபேசி, மேசை எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் சுற்றியிருந்தார்கள். கழுத்தில் இருக்கிற சுரப்பியை அந்தக் கதிர் கெடுக்காமல் இருக்க, முன்கூட்டியே தினமும் அயோடின் சொட்டு விட்ட தண்ணீர் குடிக்கவைத்தார்கள். துருப்பிடித்த ஆணியைச் சப்புகிற மாதிரி இருக்கும். மருந்து ஈயப் பெட்டிக்குள்தான் வந்தது, நான் கடையில் சொன்னதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை. சொட்டுச் சொட்டாக நரம்பில் இறங்கியது. வலி ஒன்றும் இல்லை. பிறகு எல்லோரும் வெளியே போய்க் கதவைச் சாத்தினார்கள்.

நான் தனியாக இருந்தவன் இல்லை. தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில், பத்துப் பேரோடு ஒரே அறையில் வளர்ந்தவன். லோரியில் அட்டென்டன்ட் இல்லாமல் போனதில்லை. அந்த அறையில் சாப்பாட்டைக் கதவுக்குப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டு ஓடுவார்கள். தண்ணீர் குடி, குடித்துக் குடித்து வெளியேற்று, ஒவ்வொரு தடவையும் கழிப்பறைத் தண்ணீரை இரண்டு முறை இழுத்துவிடு என்பார்கள். வியர்வையிலும் மருந்து இருக்கும் என்றார்கள். என் கைகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மூட்டை தூக்கிக் காய்த்த கை. பார்வைக்கு எந்த மாற்றமும் இல்லை. கடையில் அவ்வளவு சத்தமாகச் சொன்னவன்தான். அங்கே உட்கார்ந்தபோது எனக்கே என் கையைத் தொடக் கூச்சமாக இருந்தது.

தினமும் ஒரு மலாய்ப் பெண் அதிகாரி வந்து, கதவருகே நின்று, ஒரு கருவியை என் பக்கம் நீட்டி அளந்துபோவார். மலாயில் அம்மா என்று மரியாதையாகச் சொல்கிற மாதிரி, புவான் என்று கூப்பிடுவேன். ஒருநாள் கேட்டேன்.

"புவான், என் மகளோட கையைப் பிடிக்கலாமா?"

அவர் கருவியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று கேட்டார்.

"ஐயர் மந்திரம் சொல்ற நேரம்."

அது எவ்வளவு என்று அவருக்கு எப்படித் தெரியும்? எங்கள் சடங்கை மலாயில் விளக்கினேன். மாப்பிள்ளை கை மேல் பெண் கை, அதன் மேல் என் கை, அம்மா தண்ணீர் ஊற்றுவாள். கல்யாண நாளைக்குள் மருந்தில் பெரும்பகுதி வெளியேறிவிடும், சில நிமிஷம் என்றால் பயமில்லை, கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் பக்கத்தில் மட்டும் உட்கார வேண்டாம், கூட்டத்தில் கலக்க வேண்டாம் என்றார். நான் சொல்லி எடுபடாது, சம்பந்தியிடம் நீங்களே சொல்லுங்கள் என்று கேட்கலாம் என்று வாய் வரை வந்தது. கேட்கவில்லை. நான் யாரிடமும் சிபாரிசுக்கு நின்றதில்லை.

எனக்குத் தெரியாமல் மாப்பிள்ளை அதைச் செய்திருந்தார். ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு, தானே மருத்துவமனைக்குப் போய், அதே அதிகாரியைப் பார்த்து, எல்லாவற்றையும் கேட்டு வந்திருக்கிறார். வீட்டில் அப்பாவோடு இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லையாம். கடைசியில் சம்பந்தி இறங்கிவந்தார். நிபந்தனைகள் இவை: மூத்த மகள் மண்டபத்தின் கடைசி வரிசையில் கதவோரம் உட்காருவாள். நான் மேடைப் பக்கம் தனி நாற்காலியில் இருப்பேன். தாரை வார்க்க மட்டும் மேடை ஏறுவேன், முடிந்ததும் இறங்கிவிடுவேன். வாசலில் நின்று யாரையும் வரவேற்கக் கூடாது.

என் மகள் கல்யாணத்தில் வாசலில் நின்று வரவேற்றது என் தம்பி. அன்றைக்கு அவன் குடிக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். பன்னீர் தெளித்துக்கொண்டே என் பக்கம் அடிக்கடி திரும்பிப் பார்த்தான்.

மண்டபத்துக்கு வந்தவர்கள் பாதிப் பேர் என்னால் பிழைத்தவர்கள். நான் வேலை கொடுத்தவர்கள், என் லோரியில் ஓட்டப் பழகியவர்கள். எல்லோரும் தூரத்திலிருந்து கும்பிட்டார்கள். என் பக்கம் ஓடிவந்த பிள்ளைகளை அம்மாக்கள் இழுத்துக்கொண்டார்கள். நாதஸ்வரக்காரர் கூடத் தவிலை இரண்டடி நகர்த்திப் போடச் சொன்னார். கோயில் பொருளாளர் மட்டும் நடுவழி வரை வந்து நின்று, "தலைவரே, இங்கருந்தே சொல்லிக்கிறேன்," என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசி வரிசையில் அந்தக் கர்ப்பிணிப் பெண் வயிற்றின் மேல் ஒரு மடித்த சேலையை வைத்து மூடியபடி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள், பாவம். அவளைப் பார்த்த பிறகு நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

ஐயர் கூப்பிட்டார். எழுந்தேன். மேடைக்கு நாலு படி. 

மகள் கூரைப்புடவையில் நின்றாள். மாப்பிள்ளை கையை நீட்டினார், நடுக்கமில்லாமல் நீட்டினார். அதன் மேல் வெற்றிலையும் தேங்காயும் பிடித்த அவள் கை. அதன் மேல் நான் என் கையை வைத்தேன். என் மனைவி செம்பைச் சாய்த்தாள். தண்ணீர் விழுந்தது.

இந்த ஒரு நிமிஷத்துக்காகச் சம்பந்தியிடம் மல்லுக்கு நின்றிருக்கிறேன், டாக்டரிடம் நின்றிருக்கிறேன், ஈய அறையில் கிடந்திருக்கிறேன். அவள் கை என் கைக்குள் இருந்தபோது எனக்கு வந்ததெல்லாம் பயம்தான். இந்தக் கையும் நாளைக்கு ஒரு பிள்ளையைத் தூக்கப்போகிற கைதானே. புவான் சொன்னது சரியாகத்தான் இருக்கும். ஆனால் புவான் என் மகளைப் பெறவில்லை. ஐயர் பாதி மந்திரத்தில் இருக்கும்போதே நான் கையை எடுத்துவிட்டேன். தண்ணீர் வெறும் தேங்காய் மேல் விழுந்து தாம்பாளத்தில் வழிந்தது.

கீழே சலசலப்பு. ஐயர் மந்திரத்தை நிறுத்தினார். "அண்ணே, முடியலை. கோத்திரம் சொல்லணும். திரும்ப வைங்க."

"சுருக்கா முடிங்க சாமி," என்றேன்.

"சுருக்கா முடிக்கிற மந்திரம் இல்லிங்க இது."

மகள் என்னைப் பார்த்தாள். "வைங்கப்பா."

"வேணாம் கண்ணு. தம்பியைக் கூப்பிடுறேன்."

அவள் தேங்காயை மாப்பிள்ளை கையில் விட்டுவிட்டு, மணவறை என்றும் பார்க்காமல், என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துத் தன் கைமேல் வைத்துக்கொண்டாள். பிறகு இன்னொரு கையை என் கைக்கு மேலே போட்டு அழுத்தினாள். ஐயர் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். மனைவி ஊற்றிய தண்ணீர் எங்கள் எல்லோர் விரல்களிலும் இறங்கியது.

மந்திரம் முடிந்தது. கையை எடுக்கலாம் என்றார் ஐயர். அவள் எடுக்கவில்லை.

"விடு கண்ணு," என்றேன்.

"கொஞ்ச நேரம்ப்பா."

கீழே சம்பந்தி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் விடு என்று மறுபடி சொல்லவில்லை.